விளிம்புள்ள தோட்டா

போன மாதம் பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் வெண்டைக்காய் வாங்கப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். காயைத் தராசில் போட்டுக்கொண்டே என்னிடம் துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிக் கேட்டார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாத பப்பி, கடுதாசியே இந்த லா ஷப்பெல்லிலை இல்லை. மருமகனுக்கு ஒரு அலுவல். அவன்ரை வேலையிடத்து ஷெப் அவனை வேட்டைக்கு வரச் சொல்லிப்போட்டாராம். காட்டுப்பண்டிக்கு எந்தத் தோட்டா நல்லதெண்டு கேட்டுச் சொல்லுங்கோவன்."

அவருடைய மருமகன் ஓல்னே-சூ-புவா புறநகரில் பிறந்து வளர்ந்தவன். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். கோழியைக்கூட வெட்டித் துண்டாக்கிய பிறகுதான் பார்த்திருப்பான். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில், வெளிநாட்டவர் வரிசையில் நிற்கும் கண்ணாடிக்கு உட்பக்கம் உட்கார்ந்திருந்தவள். ஓய்வு பெற்றுவிட்டேன் என்ற செய்தி இந்தத் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே வழக்கம்போல் வரிசையாகச் சொன்னேன். முதலில் வேட்டைப் பரீட்சை, எழுத்தும் செய்முறையும். பிறகு அனுமதிச் சீட்டு. அதை ஆண்டுதோறும் செல்லுபடியாக்க வேண்டும். ஆயுதம் வைத்திருப்போருக்கான கணக்கு ஒன்று இணையத்தில் திறக்க வேண்டும். வீட்டில் பூட்டுள்ள அலமாரி வேண்டும். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் தோட்டா.

"ஓம், ஓம், அதெல்லாம் செய்வான். தோட்டா எதெண்டு சொல்லுங்கோ."

"முன்னால யார் நிக்கப்போறாங்கன்னு முதல்ல கேட்டுக்கச் சொல்லுங்க."

"முன்னாலை பண்டிதானே அக்கா நிக்கும்!" என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, ஒரு கைப்பிடி பச்சைமிளகாயைச் சும்மா போட்டுக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பத்து வயதில், எங்கள் குடும்பத்துக்காக ஒரு பெட்டித் தோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டபோது, முன்னால் நிற்க இருந்தவர் என் தாய்மாமன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இந்தத் தெருவில் அப்போது கறிவேப்பிலை கிடையாது, தமிழ்ப் பெயர்ப்பலகை கிடையாது. ஐந்தாவது மாடியில் நாங்கள் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம், புதுச்சேரிக்காரர்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்து ஓய்வூதியத்தோடு வெளியே வந்து, அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறு பட்டறையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அம்மாவின் தம்பிக்கு இல்லை. ஊரில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து, குடியுரிமை தேர்ந்தெடுக்கச் சொன்ன காலத்தில் மாமாவின் வீட்டார் கையெழுத்துப் போட மறந்துவிட்டார்கள். ஒரு கையெழுத்து எத்தனை தலைமுறையை எங்கே உட்கார வைக்கும் என்பதை நான் பின்னாளில் தினமும் பார்த்தேன். அப்போது தெரியாது.

மாமா மூன்று மாத விசாவில் அக்காளைப் பார்க்க வந்து, அப்பா விடாமல் கேட்டதால் அவருடைய பட்டறையிலேயே வண்டி உதவியாளாகச் சோதனை முறையில் ஒட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் இது நடந்தது. முதலில் வேலை, பிறகு காகிதம். முதலாளி ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் தொழில் இலாகா முத்திரை குத்தும், வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார், ஆள் இங்கேயே தங்கலாம். போடாவிட்டால் அக்டோபர் கடைசியில் விசா முடியும், மாமா கப்பலோ விமானமோ ஏற வேண்டும். படிவம் முதலாளியின் மேசையில் மூன்று வாரமாகக் கிடந்தது. அவர் கெட்டவர் இல்லை. இடுப்பு பெருத்த, சத்தமாகப் பேசுகிற, கையெழுத்துப் போடுவதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் உடனே செய்கிற மனிதர்.

செப்டம்பரில் பட்டறை முற்றத்தில் குடும்பங்களோடு ஒரு விருந்து. மாமாவுக்குப் பிரெஞ்சு வராது. நான்தான் மொழிபெயர்ப்பு. முதலாளி மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பா பட்டாளத்தில் என்ன செய்தார் என்று கேட்டார். அப்பா ஏதோ பெட்டி தூக்கிக்கொண்டு தூரத்தில் நின்றார்.

"சொல்லு பாப்பா, துப்பாக்கி, தோட்டா, குண்டு எல்லாம் மச்சான் கையிலதான் இருந்துச்சுன்னு சொல்லு," என்றார் மாமா.

இது உண்மை. அப்பா பட்டாளத்தின் தோட்டாக் கிடங்கில் இருப்பு எழுதிக்கொண்டிருந்தவர். நான் மாமா சொன்னதை மட்டும் சொன்னேன், கிடங்கைச் சொல்லவில்லை. முதலாளியின் கண்கள் விரிந்தன. அவர் ஞாயிறுதோறும் வேட்டைக்குப் போகிறவர், மூன்று பருவமாக ஒரு பன்றியும் சுடாதவர் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் இந்தியாவில் புலி சுட்டிருப்பாரே என்று கேட்டார்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கோழிக்காலைக் கடித்தபடி, "ஆமான்னு சொல்லேன், என்ன கெட்டுப் போவுது," என்றார்.

ஆமாம் என்றேன். ஆனால் வெறும் ஆமாம் எனக்கு மொட்டையாகத் தோன்றியது. "மூன்று," என்று சேர்த்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எத்தினி புலி?"

"மூணுப்பா."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஒண்ணுன்னு சொல்லியிருந்தா எதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்," என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபரில் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பாரிசுக்குத் தெற்கே இரண்டு மணி நேரத்தில் உள்ள ஒரு காட்டில் பன்றி வேட்டை. புலி சுட்டவர் வர வேண்டும். துப்பாக்கி முதலாளியே தருவார், தன்னுடைய பழைய ரைஃபிளை. தோட்டா மட்டும் அப்பா வாங்கிக்கொள்ள வேண்டும், தன் கைக்கு எது பழக்கம் என்று வேட்டைக்காரனுக்குத்தானே தெரியும். மாமாவும் வரலாம், காட்டுக்குள் சத்தம் போட்டுப் பன்றியை விரட்டுகிறவர்களோடு போகலாம். நானும் வரலாம், மாமாவுக்குக் கொம்பு ஊதும் அடையாளங்களைத் தமிழில் சொல்ல. ஒப்பந்தப் படிவத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

மாமா குதித்தார். "பாத்தியாக்கா? திங்கக்கெழம கொந்த்ரா! எல்லாம் அந்த மூணு புலியாலதான்!"

அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "ஏன்டா, வெரட்டுறவங்க எங்க நிப்பாங்க?"

"காட்டுக்குள்ள. பன்னி எங்களுக்கும் துப்பாக்கிக்காரங்களுக்கும் நடுவுல ஓடும்."

"அப்ப சுடுறவங்க ஒன்னைப் பாத்துதானே சுடுவாங்க?"

"பன்னியப் பாத்துச் சுடுவாங்கக்கா. பன்னிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாதா மச்சானுக்கு?"

இதற்கு அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

ரைஃபிள் புதன்கிழமை ஒரு நீண்ட தோல் உறையில் வந்தது. உறையில் ஒரு பித்தளைத் தகடு. அதில் தோட்டாவின் அளவு பொறித்திருந்தது: 7x64. அப்பா ஒரு சிறு காகிதத்தில் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, சட்டைப் பையில் வைத்ததை நான் பார்த்தேன். அப்பாவின் எண்கள் அச்சடித்தது போல இருக்கும்.

வியாழக்கிழமை எனக்குப் பள்ளி கிடையாது. வியாழன்களில் அப்பாவின் வண்டியில் போவது என் உரிமை. முன் இருக்கையில் சன்னலோரம் நான். எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. குறுக்குத் தெரு வரும்போது வலப்பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்று நான் உரக்கச் சொல்ல வேண்டும். பத்து சரியாகச் சொன்னால் ஒரு மிட்டாய். இந்த நாட்டில் வலப்பக்கமிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். எனக்கு எந்தச் சட்டத்துக்கும் முன்னால் தெரிந்த சட்டம் அதுதான். "சைக்கிள், அப்பா! ரொட்டி வண்டி, அப்பா!" என்று கத்திக்கொண்டே போவேன். அன்று மாமா நடுவில் உட்கார்ந்து என் விளையாட்டில் குறுக்கிட்டு, இடப்பக்கம் போகிற பெண்களை அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

துப்பாக்கிக் கடை முதலாளி வழக்கமாகப் போகும் கடை. சாம்பல்நிற மேலங்கி போட்ட ஒரு கிழவர், மருந்துக்கடைக்காரர் போல இருந்தார். முதலாளியின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. காட்டுப்பன்றிக்குத் தோட்டா வேண்டும் என்றார் அப்பா.

"இருக்கிறதிலேயே பெரிசா கேளுங்க மச்சான்," என்றார் மாமா. "யானைக்குப் போடுறது இருக்கான்னு கேளுங்க."

அப்பா கேட்கவில்லை. கிழவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசையில் நிறுத்தினார். இலேசான குண்டு வேகமாகப் போகும், ஆனால் புதரில் ஒரு குச்சி தட்டினாலும் திசை மாறும். கனமான குண்டு மெதுவாகப் போனாலும் நேராகப் போகும். முனையில் ஈயம் தெரிவது உள்ளே போய் விரியும். முழுக்கச் செம்பு போர்த்தியது விரியாமல் மறுபக்கம் வந்துவிடும், பின்னால் நிற்கிறவனுக்கும் ஆபத்து. அப்பா ஒவ்வொன்றையும் எடுத்து முகத்துக்கு மிக அருகில், மூக்கின் இடப்பக்கம் பிடித்து, அடிப்பாகத்தில் பொறித்திருந்ததைப் படித்தார். கடையில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று புலி சுட்டவர் இப்படியா கத்தரிக்காய் பொறுக்குவார்?

கடைசியில் கனமான குண்டு என்று முடிவானது. கிழவர் இரண்டு தோட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே குண்டு. ஒன்றின் அடிப்பாகத்தில் மட்டும் பித்தளை விளிம்பு ஒன்று தொப்பி ஓரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்கள் முதலாளியின் பழைய துப்பாக்கிக்கா, புதியதற்கா?" என்று கேட்டார். என்னையும் பார்த்து விளக்கினார். பழையது தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளுவது, அதற்கு விளிம்பில்லாதது. புதியது நடுவில் மடிந்து திறக்கும் இரட்டைக்குழல், அதற்கு விளிம்புள்ளது. மாற்றிப் போட முடியாது.

அப்பா சட்டைப் பையைத் தொட்டார். காகிதத்தை எடுக்கவில்லை. விளிம்புள்ளதை எடுத்து, அதன் விளிம்பை நகத்தால் ஒருமுறை தடவினார்.

"புதியதற்கு," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்திருப்பது பழையது. எனக்கே தெரியும், தாழ்ப்பாளை நான் இழுத்துப் பார்த்துத் திட்டு வாங்கியிருந்தேன். ஆனால் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி மூன்று புலிகளை உண்டாக்கியவள் நான். வாயை மூடிக்கொண்டேன். அப்பாவுக்குத் தெரியாததா?

இதற்கிடையில் அம்மா வேறொரு கணக்கில் இருந்தாள். அந்தச் சனிக்கிழமை ஆயுத பூசை. வீட்டில் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும் மட்டும் வைத்துப் பூசை செய்த ஆண்டுகள் போய், முதல் முறையாக உண்மையான ஆயுதம் ஒன்று வீடு தேடி வந்திருந்தது. அதை விட்டுவிடுவாளா? நாற்காலியில் பட்டுத்துணி விரித்து ரைஃபிளைச் சாய்த்தாள். பக்கத்தில் என் பாடப்புத்தகங்கள், வண்டிச் சாவி, அப்பாவின் ஓட்டுநர் உரிமம், மாமாவின் கடவுச்சீட்டு. தோட்டாப் பெட்டி நடுவில்.

"பெட்டிக்குப் பொட்டு வையி பாப்பா," என்றாள்.

நான் பெட்டிக்கு மட்டும் வைக்கவில்லை. மூடியைத் திறந்தேன். இருபது தோட்டாக்கள் தலைகீழாக நின்றன. இருபது பித்தளை வட்டங்கள் பொட்டுக்காகவே செய்தது போல. இருபதுக்கும் சந்தனம் அப்பினேன், நடுவில் குங்குமம். தாராளமாக.

பூசையில் வைத்ததை மறுநாள் தசமி பிறந்து, மறுபூசை செய்த பிறகுதான் எடுக்க வேண்டும். அம்மா ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தைப் பார்த்து, நாலரை மணி நேரத்தைக் கழித்து, பாரிசுக்குத் தசமி எப்போது வருகிறது என்று விரல்விட்டு எண்ணினாள். ஞாயிறு விடியுமுன் கிளம்ப வேண்டும். கூட்டுவதா கழிப்பதா என்பதில் அவளுக்கும் மாமாவுக்கும் சண்டை. கடைசியில், சூரியன் இங்கேயும் கிழக்கில்தான் உதிக்கிறது என்ற வாதத்தில் மாமா வென்றார். அம்மா அரைமனத்தோடு கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தாள். மாமாவுக்குக் குளிருமே என்று, தான் பின்னிய கம்பளிச் சட்டையையும் குல்லாவையும் மாட்டிவிட்டாள். இரண்டும் மரப்பட்டை நிறம்.

காட்டில் பனி இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், நாய்கள், பச்சைத் தொப்பிகள். மாமாவுக்கு நான் அடையாளங்களைச் சொன்னேன்: ஒரு நீண்ட ஊதல், விரட்டத் தொடங்கு. மூன்று ஊதல், முடிந்தது, அப்படியே வெளியே வா. "சத்தம் போடணும், அவ்வளவுதானே? நம்ம ஊர்ல தேருக்குப் போடுற சத்தம் போட்டுட்டா போவுது," என்று சொல்லிவிட்டு மாமா மற்றவர்களோடு மரங்களுக்குள் போனார். இருபது அடி போனதும் அவர் எது, மரம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

சுடுகிறவர்கள் காட்டுப் பாதையோரம் தள்ளித்தள்ளி நின்றார்கள். முதலாளிக்குப் பக்கத்து இடம் அப்பாவுக்கு. நான் பின்னால், முதலாளியின் காருக்குள், அவர் மனைவியோடு. சன்னலை இறக்கிவிட்டிருந்தோம். அப்பா பெட்டியைத் திறப்பதையும், ஒரு தோட்டாவை எடுப்பதையும், தாழ்ப்பாளை இழுப்பதையும் பார்த்தேன். தள்ளினார். அது மூடிக்கொள்ளவில்லை. எடுத்து, இன்னொன்றைப் போட்டார். அப்போதும் மூடிக்கொள்ளவில்லை. கையை உயர்த்தினார்.

சந்தனம்! இரவெல்லாம் காய்ந்து கல்லாகியிருக்கும். முதலாளியின் மனைவி கேட்பதற்கு முன்பே நான் அழத் தொடங்கிவிட்டேன். என்னால்தான், நான்தான் பூசினேன், மாமாவை அனுப்பிவிடாதீர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்த அம்மாளுக்குச் சந்தனமும் புரியவில்லை, ஒப்பந்தமும் புரியவில்லை. கைக்குட்டையைக் கொடுத்தாள்.

முதலாளி நடந்துபோய் அப்பாவின் கையிலிருந்த தோட்டாவை வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பொட்டைப் பார்த்தார். புரட்டிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு காடே அதிரச் சிரித்தார்.

"நண்பரே, இது என் புதிய துப்பாக்கியின் தோட்டா! விளிம்பைப் பாருங்கள்! பதினைந்து வருடம் பட்டாளம், மூன்று புலி, இது தெரியவில்லையா?"

பக்கத்து இடத்தில் நின்றவரும் வந்து பார்த்தார். அவரும் சிரித்தார். யாரிடமும் பழைய ரைஃபிளுக்கான தோட்டா இல்லை. அப்பா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மன்னிக்க வேண்டும், தவறாகக் கேட்டு வாங்கிவிட்டேன்," என்றார். எனக்குக் காருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. என்னை இன்னும் குழப்பியது ஒன்று உண்டு. தலைகுனிந்து நின்ற அப்பாவின் முகத்தில், புதன்கிழமையிலிருந்து நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"இந்தப் பொட்டு எதற்கு?" என்றார் முதலாளி.

"வீட்டில் பூசை, ஐயா. ஆயுதங்களுக்கு."

முதலாளி ஒரு கணம் யோசித்தார். மூன்று பருவம் வெறுங்கையோடு திரும்பியவர் எந்தத் தெய்வத்தையும் கைவிட மாட்டார். தன் துப்பாக்கியை மடித்துத் திறந்து, தன் தோட்டாக்கள் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, பொட்டு வைத்த இரண்டைப் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தன, சந்தனத்தோடு. அப்பாவின் ரைஃபிளைக் காரில் வைத்துவிட்டு, பெட்டியோடு தன் பின்னால் வந்து நிற்கச் சொன்னார்.

நீண்ட ஊதல் கேட்டது. நாய்கள். பிறகு தூரத்தில், பிரெஞ்சுக்காரர்களின் கூச்சலுக்கு நடுவே, தனியாக ஒரு குரல்: "ஏய்! ஓய்! அடிச்சு வெரட்டு! போடு!" அந்தக் காடு முதன்முறையாகத் தமிழ் கேட்டிருக்கும்.

ஒரு வெடி. உடனே இன்னொன்று. பிறகு எதுவும் இல்லை. மாமாவின் குரலும் இல்லை.

மூன்று ஊதல் வந்தது. விரட்டியவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நான் எண்ணினேன். ஐந்து பேர் போனார்கள், நான்கு பேர் வந்திருந்தார்கள். முதலாளியோ எதையும் கவனிக்காமல் இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார். பாதைக்கு அப்பால் பன்றி விழுந்து கிடந்தது. முதல் குண்டு மரத்தில், இரண்டாவது பன்றியில். அப்பா பன்றியைப் பார்க்கவில்லை. தான் முதலில் நின்ற இடத்துக்கு நேர் எதிரே இருந்த புதரை, கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புதர் அசைந்தது. பழுப்பாக ஏதோ ஒன்று குனிந்தபடி, முனகிக்கொண்டே வெளியே வந்தது. பிறகு நிமிர்ந்தது.

"செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு மச்சான்," என்றார் மாமா. "ஒத்தச் செருப்போட எப்படி வர்றது? எடுத்துட்டு வந்தேன். என்னா, பன்னி வுழுந்துடுச்சா?"

அப்பா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயதாகிவிட்டது, நின்று களைத்திருப்பார் என்று நினைத்தேன். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

திங்கட்கிழமை காலை, பட்டறை திறந்த முதல் வேலையாக முதலாளி படிவத்தில் கையெழுத்துப் போட்டார், எல்லாப் பிரதிகளிலும். புலி சுட்டவரின் தோட்டாக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்பாவை அதற்கு முன் அவ்வளவு நேசித்ததில்லை. ஒரு மனிதன் தன்னைவிடக் கெட்டிக்காரனுக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவான், தான் சிரித்த ஆளுக்குத் தயங்க மாட்டான் என்பதைக் கண்ணாடிக்கு உட்பக்கம் உட்கார்ந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் அவருடைய தோட்டாப் பெட்டி ஒன்று எங்கள் ஐந்தாவது மாடிக்கு வரும். அம்மா அதை என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்து, பொட்டிட்டு, தசமியன்று திருப்பி அனுப்புவாள். நடந்தது பற்றி அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மறுபூசை சரியான நேரத்தில் நடக்கவில்லை, ஆகவே தேவி தன் வீட்டு ஆயுதத்தை எடுக்கவிடவில்லை. மாமா இது மூன்று புலிகளின் சாதனை என்று கடைசிவரை நம்பினார். ஒப்பந்தம் முடிந்து, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்து, வில்லியே லே பெல்லில் வீடு வாங்கி, அங்கேயே காலமானார்.

என் கதை வேறு. நான் அதை என் சந்தனத்தால் நேர்ந்த குற்றமாகவே பல வருடம் சுமந்தேன்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம் எழுதுவதற்காக அப்பாவின் பட்டாளக் கோப்பைத் தருவித்தேன். அது என் தொழில். நாற்பது பக்கம் இருக்கும். நடுவில் ஒரு மருத்துவக் குழுவின் முடிவு: வலக்கண், பயிற்சியின்போது காயம், பார்வை ஏறக்குறைய இல்லை. துப்பாக்கி ஏந்தும் பிரிவிலிருந்து விலக்கி, தோட்டாக் கிடங்குக்கு மாற்றலாம். கீழே அப்பாவின் கையெழுத்து, அச்சடித்தது போல.

அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அம்மாவுக்குக்கூட. வெளியே வந்து ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது கண்ணைப் பற்றி அறிவித்திருக்க வேண்டும். அதற்கென்று படிவம் இருந்தது, எனக்கு எண்ணே தெரியும். அறிவித்திருந்தால் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு காகிதத்தையும் உரிய நாளுக்கு முன்னதாகக் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் அந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை.

ஆகவே அந்த வியாழக்கிழமை கண்ணாடி மேசைக்கு முன்னால் அவர் முன் இருந்தது இவ்வளவுதான். கண் தெரியாது என்றால் அவர் வேலை போகும். புலி பொய் என்றால் மாமாவின் ஒப்பந்தம் போகும். போய்ச் சுட்டால், காட்டுக்குள் அசைகிற எதையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்ணோடு, மனைவியின் தம்பியை நோக்கிச் சுட வேண்டும். பதினைந்து வருடம் தோட்டாக்களின் அடிப்பாகத்தைப் படித்தவர், அந்தத் துப்பாக்கியில் எந்த நாளும் வெடிக்காத தோட்டாவைப் பார்த்து எடுத்தார். அந்த மாகாணத்திலேயே அன்று மிகச் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தோட்டா அதுதான் என்று நினைக்கிறேன். அட்டைப்பெட்டி வண்டியின் உதவியாளாக மாமாவை ஏன் அவ்வளவு விரும்பினார் என்பதும் அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. வியாழக்கிழமை மட்டும்தானே எனக்குப் பள்ளி இல்லை.

அன்று மாலை காட்டிலிருந்து திரும்பும்போது மாமா நடுவில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் சேறு படிந்த குல்லா. பின்னால் முதலாளி கொடுத்த பன்றித்தொடை, அம்மா அதை வீட்டுக்குள் விடப்போவதில்லை. நான் வெகுநேரம் தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அப்பா, தோட்டா போகாதது என் சந்தனத்தாலதாம்ப்பா."

"சந்தனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, பாப்பா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். நீ வலது பக்கம் பாரு. யார் வர்றா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். "மோட்டார் சைக்கிள், அப்பா!"

வண்டி நின்றது. மோட்டார் சைக்கிள் எங்களுக்கு முன்னால் கடந்து போனது. அப்பா மெதுவாக மூச்சுவிட்டு மறுபடி கிளப்பினார். இருட்டுவதற்குள் லா ஷப்பெல் வந்து சேரும்வரை ஒன்றையும் தவறவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். வைக்கோல் வண்டி, பால் வண்டி, பேருந்து, நாய், கன்னியாஸ்திரிகள் இருவர். இருபத்தொன்பது ஆனது. மூன்றாவது மிட்டாய்க்கு ஒன்று குறைந்தும் அப்பா மூன்று மிட்டாய் கொடுத்தார். விளையாட்டில் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று மகிழ்ச்சியோடு படியேறினேன்.